பிரிண்ட் காசு: மீட்டரும் கல்லாவும்

கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகம் தொலைந்தால் விசாரணை நடக்கும், கடிதம் போகும், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் சிவப்பு மையில் குறிப்பு ஏறும். பிரிண்ட் காசில் இருபது ரூபாய் குறைந்தால் நூலகர் தன் பையிலிருந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். இருபது ரூபாய் கூடுதலாக இருந்தால் அது டப்பாவிலேயே கிடக்கும். இரண்டுமே கெட்ட பழக்கம். ஆடிட்டர் ஒருநாள் வந்து "மாசம் எத்தனை பக்கம் ஓடுது, எவ்வளவு வசூல்?" என்று கேட்டால் இரண்டுக்கும் பதில் இருக்காது.

தமிழ்நாட்டின் சராசரிக் கல்லூரி நூலகத்தை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஒன்றிரண்டு லேசர் பிரிண்டர், ஒரு கவுன்ட்டர், நூலகர் ஒருவர், உதவியாளர் ஒருவர், புராஜெக்ட் மாதத்தில் கவுன்ட்டரை மொய்க்கும் இறுதியாண்டு மாணவர்கள். இவ்வளவுதான் என்றால் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கணக்கைக் காசிலிருந்து தொடங்காமல் மீட்டரிலிருந்து தொடங்கினாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

மீட்டர் எங்கே இருக்கிறது?

ஓடிய பக்கங்களை எல்லா லேசர் பிரிண்டரும் தனக்குள் எண்ணிக்கொண்டே வருகிறது. கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றை அடித்துப் பார்த்தால் மொத்தப் பக்க எண்ணிக்கை அதில் வரும். திரையுள்ள பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களில் கவுன்ட்டர் என்ற மெனுவிலேயே பார்க்கலாம். அங்கே கறுப்பு வெள்ளைக்கு ஓர் எண், கலருக்கு ஓர் எண் எனத் தனித்தனியாக இருக்கும். காலையில் கதவு திறந்ததும் ஒருமுறை, மாலையில் பூட்டும் முன் ஒருமுறை என இந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன் பெயர் மீட்டர் நோட்டு.

ஒருநாள் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. காலை மீட்டர் 48,216. மாலை மீட்டர் 48,529. அன்று ஓடியது 313 பக்கம். இதில் அலுவலகத்துக்கும் துறைகளுக்கும் அடித்தது 64. கட்டணம் வாங்காமல் அடித்துக் கொடுத்தது 41. சிக்கியது, மை இழுவியது, தவறாக அடித்தது என வீணானவை 9. மீதி 199 பக்கம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 398 ரூபாய் வந்திருக்க வேண்டும். வந்தது யு.பி.ஐ.யில் 286, ரொக்கமாக 106, ஆக 392. ஆறு ரூபாய் குறைகிறது. அந்த ஆறு ரூபாயை அப்படியே எழுதுங்கள்: "குறைவு 6". கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டாம். குறைவு தினமும் ஐந்தாறு ரூபாய்க்குள் இருந்தால் அது எண்ணுவதில் வரும் பிசகு. திடீரென்று ஒரு வாரம் முழுக்க நாற்பது, ஐம்பது என்று போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இந்த நோட்டு. தினமும் சரியாக 398 என்று காட்டும் நோட்டைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் சந்தேகம்தான் வரும்.

வீணான ஒன்பது தாளையும் கிழித்துக் குப்பையில் போடக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, ஒரு ஃபைலில் சேருங்கள். மாதக் கடைசியில் நூலகர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் பின்பக்கத்தை டோக்கன் எழுதப் பயன்படுத்திக்கொள்ளலாம். மாணவரின் மார்க்‌ஷீட், ஆதார், பாஸ்புக் நகலாக இருந்தால் மட்டும் அன்றே கிழித்துவிட்டு, நோட்டில் எண்ணிக்கையை எழுதினால் போதும்.

மீட்டரைப் படிக்கும்போது மூன்று இடத்தில் ஏமாறுவோம். இரு பக்கமும் அடித்தால் தாள் ஒன்று, மீட்டரில் இரண்டு. ஆகவே கட்டணப் பலகையில் "தாளுக்கு" என்று எழுதாமல் "பக்கத்துக்கு" என்று எழுதுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஏ3 அளவு இரண்டாகக் கணக்காகும். மூன்றாவதுதான் பணத்தைத் தின்பது: கலர் இயந்திரத்தில் பக்கம் முழுக்கக் கறுப்பெழுத்தாக இருந்து, நீல நிறத்தில் ஒரே ஒரு இணைய முகவரி இருந்தாலும் அதைக் கலர் பக்கமாகவே மீட்டர் எண்ணும். புராஜெக்ட் ரிப்போர்ட்டின் மேற்கோள் பட்டியல் முழுக்க இப்படி நீலக் கோடுகள் இருக்கும். மாணவர் இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார். மாதக் கடைசியில் வாடகை இயந்திரக்காரர் கலர் விலைக்குப் பில் போடுவார். டிரைவர் அமைப்பில் கிரேஸ்கேல் என்பதை நிலையாக வைத்துவிட்டு, கலர் கேட்பவருக்கு மட்டும் மாற்றிக் கொடுப்பதே வழி.

விலை எப்படி வைப்பது?

பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய், அதனால் நமக்கும் இரண்டு ரூபாய் என்றுதான் பல கல்லூரிகளில் முடிவாகிறது. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். மாதிரிக்கு: ஒரு ரீம் ஏ4, 500 தாள், 300 ரூபாய் என்று வைத்தால் தாளுக்கு 60 பைசா. டோனர் அடுத்தது. டோனர் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, பக்கத்தில் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பில்தான் மை விழும் என்ற கணக்கில் வருவது. நம் ஊரில் பரவலாக இருக்கும் எச்.பி. 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு 2,000 பக்கம், 88ஏவுக்கு 1,500 பக்கம் என்று சொல்வதும் இந்த அடிப்படையில்தான். கல்லூரி லோகோ, சர்க்யூட் படம், கிராஃப் என்று அடித்தால் அதில் பாதிகூடத் தாங்காது. ஆகவே பெட்டியை நம்பாமல், கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதெல்லாம் மீட்டரைக் குறித்து வையுங்கள். இரண்டு மாற்றங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் நூலகத்தின் உண்மையான டோனர் கணக்கு. ரீஃபில்லுக்கு 350 ரூபாய் கொடுத்து 1,400 பக்கம் ஓடினால் பக்கத்துக்கு 25 பைசா. இயந்திரத்தின் விலையை அதன் ஆயுட்காலப் பக்கங்களால் வகுத்தால் இன்னொரு 25 பைசா. டிரம், ரோலர், சர்வீஸ்காரர் வரவு என்று 15 பைசா. வீண் தாளுக்கு 5 பைசா. கூட்டினால் ஒரு ரூபாய் 30 பைசா. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதையே ஒரு பக்கத்தில் எழுதி, நூலகக் குழுவில் வைத்து, முதல்வர் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுங்கள்.

ஒன்றரை ரூபாய் என்று வைக்காதீர்கள். கணக்குக்கு நியாயமாகத் தெரியும், கவுன்ட்டரில் சில்லறைச் சண்டைதான் மிஞ்சும். ஒரு பக்கம் இரண்டு ரூபாய், இரு பக்கமும் அடித்தால் மூன்று ரூபாய் என்று வைத்தால் தாளும் மிச்சமாகும், மாணவருக்கும் லாபம். இப்படிச் செய்தால் மீட்டர் நோட்டில் இரு பக்க அச்சுக்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். மறந்தால் மாலைக் கணக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது.

கட்டணமில்லாப் பக்கங்கள் பற்றி என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. ஹால் டிக்கெட், உதவித்தொகை விண்ணப்பம், பஸ் பாஸ் படிவம், போனஃபைட் விண்ணப்பம் என்று கல்லூரியே கொண்டுவரச் சொல்லும் தாளுக்குக் கல்லூரியே காசு வாங்கக் கூடாது. இவை ஆளுக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பக்கத்தைத் தாண்டாது. அதே நேரம், "ஆண்டுக்கு நூறு பக்கம் எல்லோருக்கும் இலவசம்" என்று நூலகக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிப்பதும் சரியில்லை. தமிழிலக்கிய மாணவி கொடுத்த காசில் எம்.பி.ஏ. மாணவர் ஸ்லைடு அடித்துக்கொள்வார்.

காசு எப்போது கைமாறுவது?

தவறுகளில் பெரியது, ஃபைலை அனுப்பிய உடனே காசு வாங்குவது. பென்டிரைவைச் செருகி "எழுபது பக்கம், 140 ரூபாய்" என்று வாங்கிவிட்டு அடிக்கத் தொடங்கினால், முப்பதாவது பக்கத்தில் எழுத்துரு மாறி நிற்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய வேர்டு ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக வந்து விழும். அந்தத் தாளுக்கு யார் காசு தருவது என்ற வாக்குவாதத்தில் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் சேர்ந்துகொள்வார்கள். ஆகவே பி.டி.எஃப். ஆக மட்டுமே ஃபைல் வாங்குங்கள். முதல் பக்கத்தை மட்டும் அடித்துக் காட்டுங்கள். "சரி" என்று சொன்னபின் மீதியை அடியுங்கள். அடித்த தாளைக் கையில் கொடுக்கும் கணத்தில் காசு வாங்குங்கள். அந்த முதல் பக்கத்துக்குப் பின் வரும் தவறு மாணவருடையது. இயந்திரத்தில் சிக்குவதும் மை இழுவுவதும் நூலகத்துடையது. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டிவிடலாம்.

பெரிய வளாகங்களில் இதையே மென்பொருள் செய்கிறது. பேப்பர்கட் போன்ற அமைப்புகளில் மாணவர் எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாலும் வேலை வரிசையில் காத்திருக்கும். அவர் இயந்திரத்தின் அருகே வந்து தன் எண்ணைப் போட்டு விடுவித்தால்தான் தாள் வெளியே வரும், இருப்பிலும் அப்போதுதான் கழியும். அனுப்பிவிட்டு எடுக்காமல் போகும் தாள்கள் இதனால் நின்றுவிடும். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் கப்ஸ் அமைப்பிலேயே ஒவ்வொரு பயனருக்கும் இத்தனை நாளுக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு போடலாம், செலவில்லை. ஆனால் கணினி அனுப்பிய பக்கமும் பிரிண்டர் துப்பிய பக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எந்த மென்பொருள் இருந்தாலும் மீட்டர் நோட்டை விட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

கோஹா நூலக மென்பொருள் வைத்திருக்கும் நூலகர்கள் பலர், பிரிண்ட் கட்டணத்தை மாணவரின் கோஹா கணக்கிலேயே பற்று எழுதிவிடலாமே என்று கேட்கிறார்கள். எழுதலாம். நிர்வாகப் பகுதியில் பிரிண்ட் என்று ஒரு பற்று வகையைச் சேர்த்தால் போதும். ஆனால் அதற்கு முன் நோ-இஷ்யூஸ்-சார்ஜ் என்ற அமைப்பைப் பாருங்கள். பாக்கி இந்தத் தொகையைத் தாண்டினால் புத்தகம் கொடுக்காதே என்று சொல்லும் அமைப்பு அது. நிறுவும்போது அதில் இருக்கும் எண் 5. நியூசிலாந்தில் பிறந்த மென்பொருள். டாலருக்குப் பொருத்தமான எண், நம் ஊரில் மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்தவருக்குப் புத்தகம் மறுக்கப்படும். பிரிண்ட் பாக்கிக்காகப் புத்தகத்தை நிறுத்துவது நூலகம் செய்யக் கூடாத வேலை. எண்ணை உயர்த்துங்கள், அல்லது பிரிண்ட் கணக்கைக் கோஹாவுக்கு வெளியே வையுங்கள். நான் இரண்டாவதையே சொல்வேன்.

"சார், நாளைக்குத் தர்றேன்" என்பதற்கு ஒரு பதில் முடிவு செய்துகொள்ளுங்கள். கடன் நோட்டு வைத்தால் அது செமஸ்டர் முடிவதற்குள் நாற்பது பெயர், நாலு ரூபாய், ஆறு ரூபாய் என்று நீளும். வசூலிக்கும் நேரத்தில் அதைவிட மதிப்புள்ள வேலை கெட்டுப்போகும். கடன் இல்லை என்பதே விதி. தேர்வு நாள் காலையில் ஒன்பதரை மணிக்கு மூச்சு வாங்க ஓடிவரும் மாணவரிடம் விதி பேச வேண்டாம். அடித்துக் கொடுத்து, கட்டணமில்லாப் பத்தியில் ஒன்று கூட்டிவிடுங்கள்.

ரொக்கம், கியூ.ஆர்., அட்டை

கியூ.ஆர். அட்டையை வைக்கும் முன் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்துக்கு நூலகரின் சொந்த எண்ணையோ உதவியாளரின் எண்ணையோ ஒட்டிவைத்து, அதுவே நிலைத்துவிட்ட இடங்கள் உண்டு. கல்லூரிப் பணம் தனியார் கணக்கில் விழுவது, நாணயம் எவ்வளவு இருந்தாலும், விளக்க முடியாத ஒன்று. வங்கியிலிருந்து கல்லூரிக் கணக்கோடு இணைந்த வணிகர் கியூ.ஆர். வாங்குங்கள். 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் எம்.டி.ஆர். கட்டணம் பிடிப்பதில்லை, இரண்டு ரூபாய் கொடுத்தாலும் இரண்டு ரூபாய் வந்து சேரும். அரசுக் கல்லூரி என்றால் இந்த வரவு எந்தத் தலைப்பில், எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை முதல்வரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே அட்டையை ஒட்டுங்கள். ஜி.எஸ்.டி. கேள்வியையும் அப்போதே கல்லூரி ஆடிட்டரிடம் கேட்டு முடித்துவிடலாம்.

வந்த பணத்தை உறுதி செய்ய மாணவரின் திரையை நம்ப வேண்டாம். பணம் போனதுபோல் திரை காட்டும் போலிச் செயலிகள் உலவுகின்றன. நூலகக் கைபேசியில் வரும் வணிகர் செயலி அறிவிப்பே சான்று. பத்துப் பக்கத்துக்கு மேல் போகும் வேலைகளுக்கு மட்டும், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை நோட்டில் குறித்தால் போதும். ஒலிபெருக்கிப் பெட்டி வசதியானதுதான், ஆனால் படிப்பறைக்குள் "இரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று நிமிடத்துக்கொரு முறை கூவினால் படிக்க வந்தவர் எழுந்து போய்விடுவார். ஒலியைக் குறைத்து மேசைக்கடியில் வையுங்கள்.

மாணவர் கணக்கில் கழிந்து, நமக்கு வராமல் போகும் பணம் உண்டு. புராஜெக்ட் மாதத்தில் நெட்வொர்க் திணறும்போது இது அடிக்கடி நடக்கும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வணிகருக்குச் செலுத்தி உறுதியாகாமல் போன யு.பி.ஐ. பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை மாணவரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் டப்பாவிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வங்கியும் திருப்பி, நீங்களும் திருப்பினால் கணக்கு இரட்டிப்பாகக் கெடும். யு.பி.ஐ. லைட் வைத்துக்கொள்ளச் சொல்வது நல்ல யோசனை. சிறு தொகை உடனே போகும், வங்கிப் பாஸ்புக்கில் இரண்டிரண்டு ரூபாயாகப் பக்கம் நிரம்பாது.

இத்தனையும் கைபேசி கையில் இருந்தால்தான். வளாகத்துக்குள் கைபேசி கூடாது என்று வாசலில் வாங்கி வைக்கும் கல்லூரிகள் நம்மிடம் குறைவில்லை. அந்த விதி பெரும்பாலும் மாணவிகள் மேல்தான் கண்டிப்பாக விழுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியிருக்கும். அதை எடுக்கக் கையில் கருவி இருக்காது. கியூ.ஆர். மட்டும் என்று பலகை வைத்தால் இவர்களைத் தெருக்கோடிக் கடைக்கு அனுப்புகிறோம் என்று பொருள். ரொக்கத்தை நிறுத்தவே கூடாது.

ரொக்கத்துக்கு பில் புத்தகம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. நான்கு ரூபாய்க்குப் பெயர், தேதி, தொகை எழுதி முடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டும். பஸ் கண்டக்டர் டிக்கெட் போல வரிசை எண் அச்சிட்ட சீட்டுக் கட்டுகளை அச்சகத்தில் அடித்து வாங்கிவிடுங்கள்: இரண்டு ரூபாய் ஒரு நிறம், பத்து ரூபாய் ஒரு நிறம். காசு வாங்கியதும் சீட்டைக் கிழித்துக் கொடுங்கள். மாலையில் அடுத்துக் கிழிக்க வேண்டிய சீட்டின் எண்ணிலிருந்து அன்றைய முதல் எண்ணைக் கழித்து, சீட்டின் விலையால் பெருக்கினால் ரொக்க வசூல் வந்துவிடும். கட்டுகள் அலுவலகப் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு கட்டு தீர்ந்தபின் அடுத்தது. சீட்டு கொடுப்பவரும் மாலையில் மீட்டர் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. உதவியாளர் மேல் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைவு வரும்போது அவரைக் காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

முன்பண அட்டை மூன்றாவது வழி. 25 பக்கம், 50 பக்கம் என்று கட்டம் போட்ட அட்டை. பயன்படுத்தப் பயன்படுத்தத் துளையிட வேண்டியது. கைபேசி இல்லாத வளாகத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரு நிறுவனம் தன்னிடமே செலவழிக்க மட்டும் வழங்கும் இவ்வகை முன்பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவைப்படுவதில்லை. அதே அட்டையை வளாகத்துக் கேன்டீன்காரரும் வெளியாள் நடத்தும் ஜெராக்ஸ் கடையும் ஏற்கலாம் என்று விரித்தால் நிலைமை மாறிவிடும்; அந்த ஆசை வேண்டாம். அட்டைக்கும் வரிசை எண், கல்லூரி முத்திரை, இருப்புப் பதிவேடு உண்டு. விற்ற அன்று வரவு எழுதினாலும், துளையிடாத கட்டங்கள் மாணவருக்கு நாம் தர வேண்டிய பாக்கி என்பதை நினைவில் வையுங்கள். மீட்டர் நோட்டில் அன்று துளையிட்ட கட்டங்களுக்கு ஒரு பத்தி சேரும்.

ஏப்ரல் கணக்கு

ஆண்டு முழுவதும் ஓடும் பக்கங்களில் பெரும்பங்கு பிப்ரவரி கடைசிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில்தான் ஓடும். போன ஆண்டு மீட்டர் நோட்டைப் புரட்டினால் எத்தனை ரீம், எத்தனை டோனர் வேண்டும் என்று தெரியும். ஜனவரியிலேயே ஆர்டர் போடுங்கள். மார்ச்சில் அவசரத்துக்குச் சில்லறையாக வாங்கும் ரீமுக்கு ரசீதும் விலையும் நம் கையில் இருக்காது. மீதமாகும் தாளைச் சுவரோரம் தரையில் அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் சிக்கிச் சிக்கியே வீண் பத்தியை நிரப்பும்.

இறுதியாண்டு மாணவருக்கு பிப்ரவரிக்குப் பின் 50 பக்க அட்டை விற்பதை நிறுத்திவிடுங்கள். நோ டியூ கையெழுத்துக்கு வரும்போது கட்டம் மிச்சமிருந்தால், அட்டையின் பின்புறம் நூலகர் கையெழுத்தோடு ஒரு ஜூனியர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். காசாகத் திருப்பத் தேவைப்படாது, கட்டமும் வீணாகாது. பிரிண்ட் பாக்கி என்று சொல்லி நோ டியூவை நிறுத்தும் நிலை, கடன் கொடுக்காத நூலகத்தில் வராது.

மே மாதத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நான்கு எண்கள் எழுதுங்கள்: ஆண்டுத் தொடக்க மீட்டர், ஆண்டு இறுதி மீட்டர், மொத்த வசூல், மொத்தக் குறைவு. சர்வீஸ்காரர் போர்டு மாற்றினால் மீட்டர் சுழியத்துக்குப் போய்விடக்கூடும். அன்றைய பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அவர் கையெழுத்தோடு நோட்டில் வாங்கி வைத்திருந்தால்தான் இந்தக் கழித்தல் நிற்கும். பொறுப்பு கைமாறும் கோடையில், புதிதாக வருபவர் புத்தக இருப்பைச் சரிபார்க்கும் அன்றே கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றை அடித்து, இருவரும் கையெழுத்திட்டு, மீட்டர் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பக்கத்தை அலுவலகப் பத்தியில் எழுத மறக்காதீர்கள்.